தோட்டக் கணக்கேடும் முகிற் கணினியும்

மலையகத் தேயிலைத் தோட்டங்களிலே ஒரு தொழிலாளியின் நாள் பெரட்டுக் களத்திலே தொடங்கிச் செக்றோல் ஏட்டிலே முடிகின்றது. கொழுந்து பறிக்கும் கைகள் எத்துணை விரைவுடையனவாயினும், மடுவத்திலே நிறுத்த கொழுந்தின் நிறை ஏட்டிலே செவ்வனே ஏறாவிடின் அன்றைய உழைப்பு ஊதியமாக மாறுவதில்லை. முழுநாள் வேலையைப் 'பேர்' என்றும், குறித்த நிறைக்குக் குறைந்தவிடத்துக் கிடைப்பதை 'அரைப்பேர்' என்றும் தோட்டத்து மக்கள் வழங்குவர். ஒருவருடைய உழைப்பும் அவருடைய பேரும் ஒன்றென மதிக்கப்படும் இவ்வழக்கு, கணக்கேட்டுக்கும் வாழ்வுக்குமுள்ள தொடர்பை நன்கு புலப்படுத்துகின்றது.

அட்டன், நுவரெலியா முதலிய பகுதிகளிலுள்ள சில தோட்டங்களில் இன்று பழைய தராசின் இடத்தை மின்தராசு பெற்றுள்ளது. நிறை காகிதத்தில் எழுதப்படுவதற்கு மாறாகக் கணினிக்குச் செல்லுகின்றது. அக்கணினியும் தோட்ட அலுவலகத்திலே இருத்தல் வேண்டுமென்பதில்லை. தொலைவிலுள்ள ஒரு பெருநிலையத்தில், வாடகைக்குப் பெற்ற கணினியாக இருத்தல் கூடும். இவ்வாறு பிறருடைய கணினிகளை வேண்டிய பொழுதில் வேண்டிய அளவுக்கு வலைப்பின்னலின் வழியே பெற்றுப் பயன்படுத்தும் முறையே முகிற் கணிமை எனப்படும். 2006ஆம் ஆண்டில் அமேசன் நிறுவனம் முதலில் தரவுகளைச் சேமிக்கும் சேவையையும், பின்னர் கணினிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் சேவையையும் தொடங்கியபின் இம்முறை உலகெங்கும் பரவலாயிற்று.

வாடகைக்குப் பெற்ற கணினிகளை ஆளும் வழிகள் இரண்டு. திரையிலே தோன்றும் படங்களையும் பொத்தான்களையும் ஒவ்வொன்றாக அழுத்தி வேலை வாங்குவது ஒரு வழி. செய்ய வேண்டியதைச் சொற்களாலான கட்டளையாக எழுதிக் கொடுப்பது மற்றைய வழி; இதற்குக் கட்டளை வரி என்பது பெயர். கட்டளைகள் பலவற்றை உரிய ஒழுங்கில் ஓர் ஏட்டிலே எழுதி வைத்து, அவ்வேட்டை முழுவதும் நிறைவேற்றுமாறு கணினியைப் பணித்தால், அவ்வேடு ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைக் கோவை, ஆகின்றது. இக்கோவையின் இயல்பும், அதனால் வரும் நன்மையும், அதனை எழுதுவோர் காக்க வேண்டிய நெறிகளும் இங்கு ஆராயப்படும்.

வணிகக் கணக்கு வேலைகளுக்குக் கணினியை முதன்முதல் முறையாகப் பயன்படுத்திய நிறுவனம் தேயிலையோடு தொடர்புடையது என்பது அறிந்து மகிழத்தக்கது. இங்கிலாந்திலே தேநீர்ச் சாலைகள் பலவற்றை நடத்தியதும் தேயிலை விற்பனையிற் புகழ்பெற்றதுமான லயன்ஸ் என்னும் நிறுவனம், தன் கணக்குகளின் சுமையைக் குறைக்க எண்ணி, 'லியோ' என்னும் கணினியைத் தானே அமைத்தது. 1951ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் அந்நிறுவனத்தின் வெதுப்பகங்களுக்குரிய மதிப்புக் கணக்கை அது செய்து முடித்தது. பின்னர் ஊழியர் சம்பளக் கணக்கும், தேயிலைக் கலவைக்குரிய கணக்கும் அதனிடம் ஒப்படைக்கப்பட்டன. எழுத்தர் ஒருவர் வாரந்தோறும் செய்து வந்த வேலையின் ஒவ்வொரு படியையும் முன்னரே எழுதி வைத்து, பின்பு யந்திரத்தைக் கொண்டு அதனை மீண்டும் மீண்டும் செய்வித்தலே அன்று அவர்கள் கண்ட வழி. இன்றைய கட்டளைக் கோவையின் அடிப்படையும் அதுவே.

இன்று வழங்கும் கட்டளை வரி, 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோர் தொடங்கிய யுனிக்ஸ் என்னும் இயங்குதளத்தின் வழிவந்தது. ஒரு கட்டளை ஒரு சிறு வேலையை மட்டும் நன்கு செய்ய வேண்டும். ஒன்றின் விளைவை மற்றொன்று உட்கொண்டு மேலும் தொடர வேண்டும் என்பது யுனிக்ஸ் மரபின் கொள்கை. தேயிலை ஆலையிலே வாடவைக்கும் மாடியிலிருந்து இறங்கும் கொழுந்து உருட்டும் யந்திரத்துக்கும், அங்கிருந்து புளிக்கும் மேசைக்கும், அதன்பின் உலர்த்தும் அடுப்புக்கும், இறுதியிற் சலிக்கும் இடத்துக்கும் செல்லுதல் போன்றது இது. ஸ்டீபன் போர்ன் எழுதி 1979இல் வெளிவந்த ஓடும், அதன் வழியில் 1989இல் பிரையன் பொக்ஸ் எழுதி வெளியிட்ட 'பாஷ்' என்னும் ஓடும் இக்கட்டளைகளைக் கோவையாக்கும் கருவிகளாக நிலைபெற்றன. முகிற் சேவை வழங்குவோரும் தத்தம் சேவைகளை ஆளுதற்குரிய கட்டளைகளை வெளியிட்டுள்ளமையால், தோட்டத்துக் கணக்கை நூறு மைல்களுக்கு அப்பாலுள்ள கணினியிலே சேர்ப்பதற்கும், அக்கணினியையே புதிதாக எழுப்புவதற்கும், வேலை முடிந்தபின் அணைப்பதற்கும் சில வரிகளே போதுமானவையாகின்றன.

கையால் ஒவ்வொன்றாகச் செய்வதனால் வரும் இடர் யாதென்று வினவலாம். 2012ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1ஆந் திகதி அமெரிக்காவின் நைட் கப்பிட்டல் என்னும் பங்கு வணிக நிறுவனத்தில் நிகழ்ந்தது அதற்கு விடையாகும். எட்டுக் கணினிகளிலே புதிய மென்பொருளைச் சேர்க்க வேண்டியிருந்தது. ஏழில் அது சேர்க்கப்பட்டது, எட்டாவது விடுபட்டது. விடுபட்ட ஒன்றிலே கிடந்த பழைய நிரல் சந்தை திறந்ததும் தவறான கொள்வனவுகளையும் விற்பனைகளையும் செய்யத் தொடங்கியது. ஏறத்தாழ 45 நிமிடங்களுக்குள் நட்டம் 440 மில்லியன் டொலரளவுக்கு உயர்ந்தது. ஒரே வேலையை எட்டு முறை செய்யும் மனிதன் எட்டாம் முறை தவறுவது இயல்பு. கட்டளைக் கோவை களைப்பறியாது. எட்டையும் ஒரே வகையாகச் செய்து, எட்டும் ஒத்திருக்கின்றனவா என்று சோதித்தும் சொல்ல வல்லது.

கோவை ஒன்று எவ்வாறு அமையும் என்பதற்கு எளிய உதாரணம் ஒன்றைக் கொள்ளலாம். ஒரு தோட்டத்தில் பத்துப் பிரிவுகள் உள்ளன எனவும், ஒவ்வொரு பிரிவின் அன்றைய செக்றோலும் ஒரு கோப்பாக மாலையிலே அலுவலகக் கணினிக்கு வந்து சேர்கின்றது எனவும் கொள்வோர், இரவுதோறும் அவற்றைப் பாதுகாக்கும் கோவையைப் பின்வருமாறு வகுப்பர். முதலாவதாக, பத்துக் கோப்புகளும் வந்துள்ளனவா என்று எண்ணிப் பார்த்தல். இரண்டாவதாக, அவற்றை ஒன்றாகக் கட்டிச் சுருக்கி, அன்றைய திகதியை அதன் பெயராக இடுதல். மூன்றாவதாக, அக்கட்டின் உள்ளடக்கத்திலிருந்து சரிபார்ப்பு எண் ஒன்றைக் கணித்தல். நான்காவதாக, கட்டை முகிற் சேமிப்பகத்துக்கு அனுப்புதல். ஐந்தாவதாக, அங்கு சேர்ந்ததன் சரிபார்ப்பு எண்ணைப் பெற்று முன்னையதோடு ஒப்பிடுதல். ஆறாவதாக, நடந்தவை யாவற்றையும் நேரத்தோடு ஒரு குறிப்பேட்டில் எழுதி, குறையிருப்பின் பொறுப்பாளருக்குச் செய்தி அனுப்புதல்.

இவற்றுள் சரிபார்ப்பு எண் என்பது தோட்டத்தார்க்குப் புதிய கருத்தன்று. மலையிலே நிறுத்த கொழுந்தை ஆலையிலே மீண்டும் நிறுக்கின்றனர். இரு நிறைகளும் ஒவ்வாதவிடத்து வழியிலே ஏதோ நேர்ந்ததென்று அறிகின்றனர். கோப்பொன்றில் ஓர் எழுத்து மாறினும் சரிபார்ப்பு எண் முற்றாக மாறிவிடுமாதலால், சென்றதும் சேர்ந்ததும் ஒன்றே என்பதை அவ்வெண்ணைக் கொண்டு துணியலாம்.

கோவை எழுதுவோர் காக்க வேண்டிய நெறிகள் சில உள. முதல் நெறி, ஒரு படி தவறினால் அடுத்த படிக்குச் செல்லாது நிற்றல். ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஓர் எண்ணை விடையாகத் தருகின்றது. அது பூச்சியமாயின் வெற்றி, பிறிதாயின் தோல்வி. 'பாஷ்' ஓடு, வேறாகப் பணித்தாலன்றி, தோல்வியைப் பொருட்படுத்தாது அடுத்த வரிக்குச் சென்றுவிடும் இயல்புடையது. புதிய கட்டை அனுப்பியபின் பழையதை அழிக்க வேண்டுமென எழுதப்பட்ட கோவையில், அனுப்புதல் தவறியும் அழித்தல் நிகழுமாயின், பாதுகாக்கப் பிறந்த கோவையே அழிவுக்குக் காரணமாகிவிடும். ஆதலின், தவறு நேர்ந்ததும் நிற்குமாறு கோவையின் தலைப்பிலேயே கட்டளையிடுதல் முறையாகும்.

இரண்டாம் நெறி, ஒரே கோவையை இருமுறை இயக்கினாலும் விளைவு ஒருமுறை இயக்கியதை ஒத்திருத்தல். மலைநாட்டிலே மழைக்காலத்தில் மின்சாரமும் இணைப்பும் இடையிலே அறுவது வழக்கம். பாதியில் நின்ற கோவையை மீண்டும் தொடங்கும்போது, முன்னர் ஏறிய பேர் மறுபடியும் ஏறுமாயின் ஒரு நாளுக்கு இரு நாட் கூலி காட்டும். கணக்கு முழுவதும் ஐயத்துக்குள்ளாகும். 'இன்னாருக்கு ஒரு பேரைக் கூட்டுக' என்று எழுதுவதனினும், 'இன்ன திகதியில் இன்னாருக்குப் பேர் ஒன்று என்றிருக்கச் செய்க' என்று எழுதுதல் இக்குறையை நீக்கும்.

மூன்றாம் நெறி, மாறக்கூடியவற்றை ஒரே இடத்தில் வைத்தல். தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 2021ஆம் ஆண்டில் 1000 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. 2024இல் அடிப்படைக் கூலி 1350 ரூபாவாயிற்று. கூலியின் தொகையைக் கோவையின் பல வரிகளிலே எழுதி வைத்தவர், ஒவ்வோர் உயர்வின்போதும் அவ்வரிகள் எல்லாவற்றையும் தேடித் திருத்த வேண்டும். ஒரு வரி தப்பினும் ஒரு பிரிவினர் பழைய கூலியையே பெறுவர். தொகைக்கு ஒரு பெயரிட்டு, அது எந்நாள் முதற்கொண்டு செல்லும் என்பதையும் சேர்த்துத் தலைப்பிலே ஒருமுறை எழுதியவருக்கு இவ்விடரில்லை.

நான்காம் நெறி காலத்தைப் பற்றியது. முகிற் கணினிகள் பெரும்பாலும் உலகப் பொதுநேரத்தைக் காட்டுவன. இலங்கை நேரம் அதற்கு ஐந்தரை மணி முந்தியது. 'நள்ளிரவிலே இயங்குக' என்று எழுதிய கோவை, அட்டனிலே பெரட்டுக்கு ஆயத்தமாகும் காலை 5.30 மணிக்கே இயங்கத் தொடங்கும். மாறாக, இலங்கையில் 12ஆந் திகதி பிறந்து அரைமணி கழிந்தபின் ஒரு கோவை இயங்குமாயின், பொதுநேரத்தில் அப்போது 11ஆந் திகதி மாலை 7 மணியே ஆகின்றது. 'நேற்றைய கணக்கை எடுக்க' என்று அக்கோவை கூறின், கணினி 10ஆந் திகதியின் கணக்கையே எடுக்கும். 11ஆந் திகதி பறித்த கொழுந்து அன்றிரவு பாதுகாக்கப்படாது போகும். எந்நாட்டு நேரம் என்பதைக் கோவையிலே வெளிப்படையாக எழுதுவதே இதற்கு மருந்து.

ஐந்தாம் நெறி, திறவுச் சொற்களைக் கோவைக்குள் எழுதாமை. கோவை பலர் கையிற் செல்லும், பிரதிகள் பெருகும். பெட்டகத்தின் திறப்பைப் பெட்டகத்தின் மேலேயே தொங்கவிடுவதற்கு இது ஒப்பாகும். திறவுகோலை வேறிடத்திற் காத்து, இயங்கும் வேளையில் மட்டும் பெறுதலும், அத்திறவுகோலுக்கு வேண்டிய அதிகாரத்துக்கு மேற்பட எதுவும் அளியாமையும் நல்லோர் கைக்கொள்ளும் முறை. கட்டை அனுப்பும் கோவைக்குப் பழைய கட்டுகளை அழிக்கும் அதிகாரம் எதற்கு?

இந்நெறிகளோடு எழுதப்படும் கோவையினால் செலவும் சுருங்கும். தோட்டத்தின் மாதச் சம்பளக் கணக்குக்குப் பெரிய கணினி ஒன்று இரண்டு நாட்களுக்கு மட்டுமே தேவை என்று கொள்வோமாயின், 30 நாள் மாதத்தின் 720 மணிகளுள் 48 மணிகளே அதற்குப் போதும். அக்கணினியை வேண்டிய நாளில் எழுப்பி, வேலை முடிந்ததும் அணைக்கும் கோவை இருப்பின், செலவு பதினைந்தில் ஒரு பங்காகக் குறையும். 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம் 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் மின்வழி ஏலமாயிற்று. வாரத்தின் சில நாட்களிற் பெருஞ்சுமையும் ஏனைய நாட்களில் அமைதியும் உடைய இத்தகைய வேலைகளே முகிற் கணிமைக்கு மிகவும் பொருந்துவன.

எனினும், வல்லமை மிக்க கருவி தவறும்போது தீங்கும் வலியதாகும். ஒருவர் கையாற் செய்யும் தவறு ஓரிடத்திலே நிகழும். கோவையிலுள்ள தவறோ கணப்பொழுதில் ஆயிரம் இடங்களிலே நிகழும். 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆந் திகதி, அமேசனின் சேமிப்புச் சேவையிலே சிறு தொகுதிக் கணினிகளை நீக்குதற்காக வழக்கமான கட்டளையொன்றை இட்ட ஊழியர், அதில் ஓர் உள்ளீட்டைத் தவறாக எழுதினார். எண்ணியதற்கு மிகுதியான கணினிகள் நீங்கின. அமெரிக்காவின் கிழக்குப் பகுதி நிலையத்தை நம்பியிருந்த எண்ணற்ற சேவைகள் ஏறத்தாழ நான்கு மணிநேரம் தடைப்பட்டன. அதன்பின் அந்நிறுவனம் அக்கருவியை மெதுவாக நீக்குமாறும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே செல்லாதவாறும் திருத்தியமைத்தது. அழிக்கும் ஆற்றலுள்ள ஒவ்வொரு கட்டளைக்கும் இவ்வாறான எல்லை வகுத்தலும், 'செய்தால் என்ன நிகழும்' என்பதை மட்டும் காட்டும் ஒத்திகை முறையொன்றை அமைத்தலும் இதனாற் பெறும் படிப்பினையாம்.

இலங்கைக்கு அண்மையிலே கிடைத்த படிப்பினை இதனினும் ஆழமானது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் இலங்கை அரசின் முகிற் சேவை கப்பம் கோரும் தீநிரலொன்றினால் தாக்கப்பட்டது. ஏறத்தாழ 5000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிப்புற்றன. சேவை விரைவில் மீட்கப்பட்டபோதிலும், அவ்வாண்டு மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையுள்ள காலத்துக்குரிய தரவுகளுக்குப் பாதுகாப்புப் பிரதி இன்மையால் அவை இழக்கப்பட்டன. இணைப்பிலே இருந்த பிரதியும் தாக்குதலுக்குள்ளானமையின், நாள்தோறும் இணைப்புக்குப் புறம்பான பிரதியொன்றை எடுத்தல் இன்றியமையாதது என்பது அனைவர்க்கும் புலனாயிற்று. மேலே கூறிய ஆறு படிகளைக் கொண்ட கோவை பிரதியை நாள்தோறும் எடுத்தற்கு வழிகாட்டும். ஆனால் பிரதி எடுத்தல் பாதி வேலையே. அப்பிரதியிலிருந்து மூலத்தை மீட்க முடிகின்றதா என்று காலந்தோறும் மீட்டுப் பார்த்தலே மறுபாதி. மீட்டுப் பாராத பிரதி, முளைக்குமோ என்று சோதியாது சேர்த்து வைத்த விதையை ஒக்கும்.

ஏடுகளைக் காத்தல் பற்றி மலையகத்தார்க்குப் பிறர் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தை இலங்கையிலே பிறந்தமையையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிலே பிறந்தமையையோ நிறுவுமாறு கேட்டது. தலைமுறை தலைமுறையாக இம்மண்ணில் உழைத்தோர், அதனை நிறுவும் பதிவுகள் தம் கையில் இன்மையால், ஏறத்தாழ ஏழு இலட்சம் பேராய் நாடற்றவராயினர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை அவ்வழக்கு முற்றாகத் தீரவில்லை. சட்டத்தின் கொடுமை சட்டத்தையே சாரும். எனினும், காகிதம் ஒன்று இல்லாமை ஒருவருடைய நாட்டையே பறிக்கக்கூடும் என்பதை அவ்வரலாறு காட்டிச் சென்றது. இன்றும் ஊழியர் சேமலாப நிதிக்குரிய உரிமை, 1958ஆம் ஆண்டின் சட்டப்படி, வேலை செய்த காலத்தின் பதிவுகளையே ஆதாரமாகக் கொள்ளுகின்றது. முப்பது ஆண்டுகள் கொழுந்து கொய்த ஒரு தாய் ஓய்வுபெறும் நாளிலே, இடையில் ஓராண்டின் செக்றோல் இல்லையென்று சொல்லப்படுமாயின், அவ்வோராண்டை அவர் எங்ஙனம் மீட்பார்?

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளி மலைநாட்டைத் தாக்கி, நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மண்சரிவுகளை விளைத்தது. மலைச்சரிவிலுள்ள ஓர் அலுவலகத்தின் ஒரே அலுமாரியில் ஒரு தோட்டத்தின் கணக்கு முழுவதும் இருத்தல் எத்துணை ஆபத்தானது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. மூன்று பிரதிகள், இரு வகை ஊடகங்கள், அவற்றுள் ஒன்றேனும் வேறூரில் என்னும் விதியைக் கணினித் துறையினர் வகுத்துள்ளனர். அதனை நாள்தவறாது நிறைவேற்றும் பொறுமை மனிதனிடத்து அரிது, கோவையினிடத்து இயல்பு.

இறுதியாக ஒன்று கருதத்தக்கது. கோவை, தன்னை எழுதியவர் சொன்னதையே செய்யும். சொன்னது நீதியா என்று கேளாது. கூடைக்கும் ஈரத்துக்கும் நிறையிலே எவ்வளவு கழிப்பது, எத்தனை கிலோவுக்குக் குறைந்தால் அரைப்பேர் என்பனவெல்லாம் கோவைக்குள் ஒரு வரியாக அமர்ந்துவிட்டால், கங்காணியோடு வாதிட்டதுபோல் அவ்வரியோடு வாதிடுதல் இயலாது. ஆதலின் அவ்வரி தொழிலாளியும் வாசித்து அறியத்தக்க தெளிவுடையதாய், யாரால் என்று மாற்றப்பட்டது என்னும் குறிப்புடையதாய் இருத்தல் வேண்டும். மலையகத்து இளைஞர் பலர் இன்று கணினி பயிலுகின்றனர். தாயின் பேரைச் செக்றோலிலே பிறர் எழுதக் கண்டு வளர்ந்தவர், அப்பேரைத் தவறாது காக்கும் கோவையைத் தாமே எழுதும் காலம் வந்துள்ளது. அவர் எழுதும் ஒவ்வொரு வரியின் மறுமுனையிலும் ஒரு கூடைக் கொழுந்து இருப்பதை அவர் மறவாதிருப்பாராக.